கடல் கடந்து வரும் பொதியும் காலியாகும் திறைசேரியும்

வரி என்ற சொல்லைத் தலைப்பிலே கண்டால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார் என்பது செய்தி மேசையில் நான் கற்றுக்கொண்ட முதற் பாடங்களில் ஒன்று. அதனாலேயே மேலேயுள்ள தலைப்பில் அந்தச் சொல்லைத் தவிர்த்திருக்கிறேன். இனித் தவிர்ப்பதற்கில்லை.

2025 ஆம் ஆண்டில் இலங்கையில் இரண்டு காரியங்கள் நடந்தன. பத்திரிகைகளில் இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் வெளியாகின. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

முதலாவது, ஏப்ரலில் நிறைவேறிய பெறுமதி சேர் வரித் திருத்தச் சட்டம். நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டு இணையத்தின் வழியாக இங்குள்ளவர்களுக்குச் சேவை விற்கும் நிறுவனங்கள், அதாவது திரைப்படம், பாட்டு, மென்பொருள், விளம்பரம் முதலியவற்றை விற்பவர்கள், 18 வீத வரியை அறவிட்டுத் திறைசேரிக்குச் செலுத்த வேண்டும் என்று அச்சட்டம் சொன்னது. 2025 ஒக்டோபர் 1 அதற்கான நாளாகக் குறிக்கப்பட்டது. அந்த நாள், 2026 ஏப்ரல் 1 என்று, ஆறு மாதம் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இரண்டாவது, அதே ஆண்டு நவம்பரில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு-செலவுத் திட்டம். உள்நாட்டு வியாபாரி ஒருவர் இந்த வரிக்குப் பதிவு செய்தாக வேண்டிய வருடாந்தப் புரள்வு எல்லையை 60 மில்லியன் ரூபாவிலிருந்து 36 மில்லியன் ரூபாவாகக் குறைக்க அது முன்மொழிந்தது. நடைமுறைக்கு வரும் நாளாக அங்கேயும் 2026 ஏப்ரல் 1 தான் குறிக்கப்பட்டிருந்தது. 36 மில்லியன் என்றதும் பெரிய முதலாளி என்று எண்ணிவிட வேண்டாம். 365 ஆல் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கும் சற்றுக் குறைவு. அதுவும் இலாபமன்று, கல்லாப்பெட்டிக்குள் வந்து போகும் மொத்தப் பணம். மாகாணப் பட்டினமொன்றில் இருக்கும் நடுத்தர இரும்புக் கடையோ புடவைக் கடையோ இந்த எல்லைக்குள் இலகுவாக விழுந்துவிடும்.

உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுக்குத் தவணை கிடைத்தது. கடைத்தெருவில் இருப்பவருக்குக் கிடைத்தது பதிவு இலக்கம். இதைச் சொன்னால் நண்பர்கள் ஒரே பதிலைத் தருகிறார்கள். "இணையத்தில் பிள்ளைகள் வாங்குகிற சின்னஞ்சிறு சாமானுக்கும் வரி போட வேண்டுமா? அதிலிருந்து என்ன பெரிதாகக் கிடைத்துவிடப் போகிறது?" படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். இதைவிடப் பிழையான ஒரு கணக்கை நான் கண்டதில்லை. ஏன் பிழை என்பதை விளங்கிக்கொள்வதற்கு, இலங்கையை விட்டு, பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கால்வாயில் கிடக்கும் இரண்டு சிறிய தீவுகளுக்கு ஒருதரம் போய்வர வேண்டும்.

ஜேர்சி, கேர்ன்சி என்பன அத்தீவுகள். பிரித்தானிய முடிக்குரியவை. ஆனால் பிரித்தானியாவின் ஒரு பகுதியல்ல. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில் இத்தீவுகள் ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு உள்ளேயும், பெறுமதி சேர் வரி எல்லைக்கு வெளியேயும் இருந்தன. இந்த இரட்டை நிலையில்தான் கதை தொடங்குகிறது.

1983 இல் ஐரோப்பிய சமூகம் ஒரு பணிப்புரையை வெளியிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் மிகச் சிறு பெறுமதியுள்ள பொதிகளுக்கு இறக்குமதியின்போது பெறுமதி சேர் வரி அறவிட வேண்டியதில்லை, ஏனெனில் அறவிடும் செலவு கிடைக்கும் வரியைவிட அதிகம் என்பது அதன் சாரம். 1983 இல் இது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். சுங்க அதிகாரி ஒருவர் ஒவ்வொரு பொதியாகப் பிரித்து, பெறுமதியை மதிப்பிட்டு, பற்றுச்சீட்டு எழுதி, சில சதங்களை வாங்கி வைப்பது வீண் வேலை. தபாற் கட்டளை மூலம் விற்கப்படும் பொருட்களுக்கு இச்சலுகையை மறுக்கும் உரிமையும் உறுப்பு நாடுகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆபத்தை அன்றே யாரோ முன்னுணர்ந்திருக்கிறார்கள். பிரித்தானியா அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை. எல்லையை 18 பவுண் என்று வைத்துக்கொண்டது. தீவுகளிலிருந்து தபாலில் பூக்கள் அனுப்பிவந்த தோட்டக்காரர்களுக்கு அது உதவியாக இருந்தது.

பிறகு இணையம் வந்தது. இறுவட்டு ஒன்றின் விலை 18 பவுணுக்குக் கீழ். 1998 இல் ஜேர்சியில் தொடங்கப்பட்ட பிளே டொட் கொம் என்ற இணையக் கடை இந்த இடைவெளியில் வளர்ந்து பெருத்தது. அதன் பின்னால் மற்றவர்களும் போனார்கள். டெஸ்கோ, எச்எம்வி போன்ற, பிரித்தானியாவின் ஒவ்வொரு பட்டினத்திலும் கடை வைத்திருந்த நிறுவனங்களே இறுவட்டுகளைத் தீவுகளிலிருந்து விற்கத் தொடங்கின. இறுவட்டுகள், கணினி நினைவக அட்டைகள், தொடுவில்லைகள், விற்றமின் குளிசைகள் என்று பட்டியல் நீண்டது. பிரித்தானியாவில் இருந்த சரக்கு கப்பலேறித் தீவுக்குப் போகும். அங்கே உறையில் இடப்பட்டு முகவரி ஒட்டப்பட்டு மீண்டும் பிரித்தானியாவுக்கே வரும். ஒருவர் மூன்று இறுவட்டுகள் வாங்கினால் மூன்று தனித்தனி உறைகள் வரும். ஒன்றாக அனுப்பினால் 18 பவுணைத் தாண்டிவிடுமல்லவா!

இங்கே வரியின் இயக்கத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெறுமதி சேர் வரி நுகரும் நாட்டில் செலுத்தப்பட வேண்டிய வரி. ஆகவே ஏற்றுமதியாகும் பொருளுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு பூச்சிய வீதம் விதிக்கிறது. அதுவரை கட்டிய வரியையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இறக்குமதி செய்யும் நாடு அறவிடும் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் செய்கிறது. இறக்குமதி செய்யும் நாடு "சிறிய பொதிதானே" என்று விட்டுவிட்டால் அந்தப் பொருளுக்கு எந்தக் கரையிலும் வரியில்லை. அதே பொருளை அதே தெருவிலுள்ள கடையில் வாங்கினால் முழு வரி. பிரித்தானியாவில் அது 17.5 வீதமாக இருந்தது, 2011 ஜனவரி முதல் 20 வீதம். இறுவட்டு விற்பனையில் 20 வீத இலாபம் வைக்கும் கடைக்காரர் எந்த ஊரில் இருக்கிறார்? போட்டி தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

சிறிய இசைக் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. எல்லாமே இந்த வரி ஓட்டையால் பூட்டப்பட்டன என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டைத் தரவிறக்கும் பழக்கமும் சேர்ந்துதான் அவற்றைக் கொன்றது. ஆனால் பாதிக்கப்பட்ட வணிகர்கள் சிலர் விடாப்பிடியாக நின்றார்கள். பெறுமதி சேர் வரித் தவிர்ப்புத் திட்டங்களுக்கு எதிரான சில்லறை வணிகர்கள் என்ற பெயரில் ஒன்றிணைந்து ஆண்டுக் கணக்கில் மனுக்கள் எழுதினார்கள். ஒரு கட்டத்தில் பிரித்தானிய அரசே, இந்தச் சலுகையால் ஆண்டுக்கு ஏறத்தாழ 140 மில்லியன் பவுண் இழக்கப்படுகிறது என்று ஒப்புக்கொண்டது. "சின்னஞ்சிறு சாமான்" என்று சொல்கிற நண்பர்கள் இந்த இலக்கத்தை மறுபடி ஒருமுறை வாசிக்க வேண்டும். பூக்கட்டுக்கும் இறுவட்டுக்கும் கொடுத்த சலுகையின் விலை அது.

2011 நவம்பரில் எல்லை 15 பவுணாகக் குறைக்கப்பட்டது. 2012 ஏப்ரல் 1 முதல் தீவுகளிலிருந்து வரும் தபாற் கட்டளைப் பொருட்களுக்குச் சலுகை அடியோடு நீக்கப்பட்டது. தீவுகளின் அரசாங்கங்கள் இலண்டன் மேல் நீதிமன்றம் வரை போய்த் தோற்றன. அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையிலேயே முக்கியமான சாட்சியம். 2011 இல் ஜப்பானிய நிறுவனமொன்றுக்கு 25 மில்லியன் பவுணுக்கு விற்கப்பட்டிருந்த பிளே டொட் கொம், 2013 இல் தானே பொருள் விற்பதை நிறுத்திக்கொண்டது. சலுகை நீங்கி ஓராண்டு முடிவதற்குள்! திறமையான கடை, நவீனமான கடை என்று புகழப்பட்டது அதுதான். வரிக்காரர் ஊன்றுகோலைத் திரும்ப எடுத்ததும் ஒரு வருடம்கூட நிற்க முடியவில்லை.

அறவிடும் செலவு அதிகம் என்ற வாதம் இன்னமும் உயிரோடு இருக்கிறது. அதற்குப் பதில் அவுஸ்திரேலியாவில் கிடைத்தது.

அங்கே பொருட்கள் சேவைகள் வரி 10 வீதம். 1,000 டொலருக்குக் குறைந்த இறக்குமதிக்கு அந்த வரி இருக்கவில்லை. ஆயிரம் டொலர்! பிரித்தானியாவின் 18 பவுண் இதற்கு முன்னால் பிச்சைக் காசு. 2011 தொடக்கத்தில் பெரிய சில்லறை வணிகர்கள் இதற்கு எதிராகப் பிரசாரம் செய்தார்கள். பொதுமக்கள் அவர்களைப் பரிகசித்தார்கள். கொள்ளை விலைக்கு விற்றவர்கள் இப்போது அழுகிறார்கள் என்பது மக்களின் தீர்ப்பு. அதில் உண்மையும் இருந்தது. அரசாங்கத்தின் ஆராய்ச்சி அமைப்பான உற்பத்தித்திறன் ஆணைக்குழு அதே ஆண்டு ஆராய்ந்து, கொள்கையளவில் இச்சலுகை நியாயமற்றது, ஆனால் பொதிகளைப் பிரித்து அறவிடும் செலவு கட்டுப்படியாகாது என்று சொல்லி, மலிவான வழி கிடைக்கும்வரை பொறுத்திருக்கச் சொன்னது.

வழி, பொதியில் இருக்கவில்லை, விற்பனையாளரிடம் இருந்தது. இலட்சக்கணக்கான பொதிகளை எல்லையில் நிறுத்துவதற்குப் பதிலாக, அவற்றில் பெரும்பகுதியை விற்கும் சில பத்து இணையச் சந்தைகளைப் பதிவு செய்யச் சொன்னால் போதும். பணம் செலுத்தும் கணத்திலேயே வரி சேர்ந்துவிடுகிறது. சுங்க அதிகாரி கத்தரிக்கோலைக் கையில் எடுக்க வேண்டியதே இல்லை. 2017 ஜூலை 1 முதல் இணையச் சேவைகளுக்கும், 2018 ஜூலை 1 முதல் 1,000 டொலருக்குக் குறைந்த பொருட்களுக்கும், ஆண்டுக்கு 75,000 டொலருக்கு மேல் அங்கு விற்கும் வெளிநாட்டு விற்பனையாளர் வரி அறவிட வேண்டும் என்று அவுஸ்திரேலியா சட்டம் செய்தது.

அமேசன் கோபித்துக்கொண்டது. அந்த ஜூலை முதலாம் திகதியே அவுஸ்திரேலிய வாடிக்கையாளர்கள் அமெரிக்கத் தளத்தில் வாங்க முடியாதபடி கதவை அடைத்தது. இனி என்ன நடக்கும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் அசையவில்லை. நவம்பர் மாதம் முடிவதற்குள் அமேசன் கதவைத் திறந்தது. வரியையும் அறவிட்டுக் கட்டியது. பணக்கார வாடிக்கையாளர்கள் உள்ள சந்தையை எந்த வியாபாரியும் கோபத்துக்காக விட்டுப்போக மாட்டான். அவுஸ்திரேலியாவில் இவ்வரியின் வருமானம் முழுவதும் மாநிலங்களுக்குப் போகிறது. ஆஸ்பத்திரிகளையும் பள்ளிக்கூடங்களையும் நடத்துபவை மாநிலங்கள். மெல்பனிலும் சிட்னியிலும் இருக்கும் நம்மவர்களில் அன்று இந்த வரியைத் திட்டியவர்கள் எத்தனை பேர் இதை அறிந்து திட்டினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. இந்தியா 2016 டிசம்பரிலேயே வெளிநாட்டு இணையச் சேவைகளுக்கு வரி விதித்துவிட்டது. சிங்கப்பூர் 2020 இல் சேவைகளுக்கும் 2023 இல் சிறு பொதிகளுக்கும் விதித்தது. ஐரோப்பிய ஆணைக்குழு, எல்லை தாண்டிய இணைய வணிகத்தில் ஆண்டுக்கு 5 பில்லியன் யூரோ பெறுமதி சேர் வரி இழக்கப்படுவதாக 2016 இல் மதிப்பிட்டது. 22 யூரோச் சலுகையை ஒன்றியம் 2021 ஜூலை 1 இல் ஒழித்தது. பிரித்தானியா அதற்கு ஆறு மாதம் முன்னதாகவே எஞ்சியிருந்த 15 பவுண் சலுகையை எல்லோருக்கும் நீக்கிவிட்டது. பெறுமதி சேர் வரியே இல்லாத அமெரிக்காகூட, 800 டொலருக்குக் குறைந்த பொதிகளுக்கு வழங்கிவந்த சுங்கத் தீர்வைச் சலுகையை 2025 ஆகஸ்ட் 29 இல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது.

இவ்வளவு செய்தும் ஓட்டை முற்றாக அடைபட்டுவிட்டதா என்றால், இல்லை. 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வந்த 150 யூரோவுக்குக் குறைந்த பொதிகள் 1.4 பில்லியன். 2024 இல் 4.6 பில்லியன். அவற்றில் பத்துக்கு ஒன்பது சீனாவிலிருந்து வந்தவை. சிறு பொதிகளில் 65 வீதம் வரையானவற்றுக்குப் பெறுமதி வேண்டுமென்றே குறைத்துக் காட்டப்படுவதாக ஆணைக்குழுவே சொல்லியிருக்கிறது. இந்த இடத்தில் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ஊருக்கு வரும் பெட்டிகளில் "அன்பளிப்பு, பெறுமதி பத்து டொலர்" என்று எழுதப்பட்டிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உள்ளே என்ன இருந்தது என்பதும் நமக்குத் தெரியும். உறவினர் ஒருவர் அன்போடு செய்தால் அது சிறு பொய். அதையே ஒரு நிறுவனம் நூறு கோடிப் பொதிகளில் செய்தால் அது ஒரு நாட்டின் வருமானம்.

இனி இலங்கைக்குத் திரும்புவோம். வரவேண்டிய வருமானம் வராமற் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மைவிடச் சிறந்த உதாரணம் உலகில் இல்லை. 2019 டிசம்பர் 1 இல் கோட்டாபய ராஜபக்ச அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டியது. பதிவு எல்லையை 12 மில்லியனிலிருந்து 300 மில்லியன் ரூபாவாக உயர்த்தியது. வர்த்தகர்கள் கைதட்டினார்கள். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. அந்த வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், வெட்டப்பட்ட வரியை எவரும் மறைக்க முடியாது. பிறகு வந்தது அறுவடை. 2022 ஜூனில் 12 வீதம், அதே ஆண்டு செப்டெம்பரில் 15 வீதம், 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு ஆகியவற்றுக்கும் அன்றைக்கே வரி விழுந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். திறைசேரியில் ஏற்படும் பள்ளம் பள்ளமாகவே இருந்துவிடுவதில்லை. அதை யாராவது நிரப்ப வேண்டும். நிரப்புகிறவர், வேறு கடைக்குப் போக முடியாதவர். சமையல் எரிவாயுச் சிலிண்டரை வெளிநாட்டு இணையத்தளத்தில் வாங்க முடியாது. ஓட்டோவுக்குப் பெற்றோல் கடல் கடந்து உறையில் வராது. எங்கோ பதிவான நிறுவனத்திடம் மாதச் சந்தா கட்டிப் படம் பார்ப்பவரிடம் கேட்கப்படாத 18 வீதம், சிலிண்டர் தூக்கிக்கொண்டு போகும் அம்மாவிடம் முன்கூட்டியே கேட்கப்பட்டுவிட்டது. அவருக்கு ஆறு மாதத் தவணை எவரும் கொடுக்கவில்லை. 2023 டிசம்பரில் பாராளுமன்றம் வாக்களித்தது, சில வாரங்களில் வரி நடைமுறைக்கு வந்தது.

எதிர்வாதங்களில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ வீட்டில் இருந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யும் இளைஞர்கள் இன்று பல பேர். அவர்களுடைய கருவிகளே வெளிநாட்டு மென்பொருட்கள்தான். வரிக்குப் பதிவு செய்த பெரிய நிறுவனம் தான் கட்டிய உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும். பதிவு செய்யாத தனி இளைஞன் முழுச் சுமையையும் தானே ஏற்க வேண்டும். இது நியாயமான முறைப்பாடு. இதற்குப் பரிகாரம், வெளிநாட்டு வருமானம் ஈட்டும் சிறு தொழிலாளருக்கு இலகுவான பதிவும் விரைவான மீளளிப்பும். அமெரிக்க நிறுவனத்துக்கும் சீன நிறுவனத்துக்கும் வரி விடுமுறை கொடுப்பது பரிகாரமாகாது. மீளளிப்பு என்றதும் சிரிக்கிறவர்கள் இருப்பீர்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடமிருந்து பணம் திரும்பி வருவது எவ்வளவு சிரமம் என்பது ஏற்றுமதியாளர்களைக் கேட்டால் தெரியும். அந்தச் சிரிப்பை நான் மறுக்கவில்லை. அதைத் திருத்துவதும் அரசாங்கத்தின் வேலைதான்.

"இது ஏழையின் மீதும் விழும் வரியல்லவா" என்ற இடதுசாரி நண்பர்களின் வாதம் வேறு. நுகர்வு வரி ஏழையை அதிகமாக நோகச் செய்யும் என்பது உண்மை. எனக்கும் 18 வீதம் உவப்பானதன்று. ஆனால் அந்த வாதம் வீதத்துக்கு எதிரானது. வீதத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வரி விழும் பரப்பு அகல வேண்டும். இன்று பரப்பை அகலமாக்குவது என்றால் அரசாங்கத்துக்குத் தெரிந்த ஒரே திசை கீழ்நோக்கிய திசை. 60 மில்லியனிலிருந்து 36 மில்லியனுக்கு. கடல் கடந்த திசை ஒன்றும் இருக்கிறது.

ஒத்திவைப்புக்கு ஆயத்தம் போதாது என்பது காரணமாக இருக்கலாம். மென்பொருள் தயாராகவில்லை, பதிவு முறை தயாராகவில்லை என்று திணைக்களங்கள் சொல்வது வழமை. அப்படியானால் 36 மில்லியன் புரள்வுள்ள புடவைக் கடைக்காரரின் ஆயத்தத்தை யாராவது விசாரித்தார்களா? அவரிடம் கணக்காளர் இல்லை. கணினி இருந்தால் அதில் பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும். விற்பனைப் பட்டியலைத் தமிழிலோ சிங்களத்திலோ நிரப்ப அவருக்கு யார் உதவுவார்? பல்லாயிரம் கணக்காளர்களை வைத்திருக்கும், இதே வரியைச் சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஆண்டுக் கணக்காகக் கட்டிவரும் நிறுவனத்துக்கு ஆயத்தம் போதவில்லையாம்.

நிதி அமைச்சிடம் ஒரு கணக்குக் கேட்கலாம். 2025 ஒக்டோபர் 1 தொடக்கம் 2026 மார்ச் 31 வரையான அந்த ஆறு மாதத்தில் வெளிநாட்டு இணைய நிறுவனங்களுக்கு இலங்கையிலிருந்து கடனட்டைகள் மூலம் சென்ற தொகை எவ்வளவு, அதில் 18 வீதம் எவ்வளவு? வங்கிகளிடமும் மத்திய வங்கியிடமும் தரவு இருக்கிறது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் எழுத்து மூலம் கேள்வி கேட்டால் அமைச்சர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். வடக்கு கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்புக்கு அனுப்பப்பட்ட நம்முடைய உறுப்பினர்களில் ஒருவராவது அந்தக் கேள்வியைத் தமிழிலேயே கேட்கட்டும். பதில் வந்ததும் அதே தாளில், புதிதாகப் பதிவுக்குள் இழுக்கப்படும் சிறு கடைகளிடமிருந்து எதிர்பார்க்கப்படும் தொகையையும் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லட்டும்.